கைக்கு வராத கோடி: ஒரு ஸ்டார்ட்அப் ஊழியரின் ஈசாப் கணக்கு

சென்னை ஓ.எம்.ஆரில் இயங்கிய ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவருக்கு 2019 முதல் 2025 வரை நடந்ததன் பதிவு இது. சம்பளக்காரர்களின் வரிக்கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் என்ற முறையில் 2022-இல் இந்த விவகாரம் என்னிடம் வந்தது. அவரும் மனைவியும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர்கள் இல்லை. தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன், விகிதங்கள் மாறவில்லை.

பின்னணி

அவர் தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். ஒரு பெரிய ஐ.டி. சேவை நிறுவனத்தில் ஆண்டுக்கு 19 லட்சம் வாங்கிக்கொண்டிருந்தார். 2019 ஜூலையில் அதை விட்டுவிட்டு, நூறு பேருக்கும் குறைவாக இருந்த ஒரு ஸ்டார்ட்அப்பில் சேர்ந்தார். கையில் வரும் சம்பளம் 15 லட்சமாகக் குறைந்தது. ஆனால் வேலைக் கடிதத்தில் சி.டி.சி., அதாவது நிறுவனம் அவருக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, 25 லட்சம் என்று இருந்தது.

நடுவில் இருந்த 10 லட்சம்தான் ஈசாப், அதாவது நிறுவனத்தின் பங்குகளைப் பின்னாளில் ஒரு குறிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. அவருக்கு 12,000 ஆப்ஷன்கள். ஒவ்வொன்றையும் பங்காக மாற்ற 10 ரூபாய் கட்ட வேண்டும். நான்கு ஆண்டுகளில் படிப்படியாக உரிமை சேரும். முதல் ஆண்டு முடிவில் கால் பங்கு, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக. அப்போதைய முதலீட்டுச் சுற்றில் ஒரு பங்கின் விலை சுமார் 333 ரூபாய் என்பதால், 12,000-ஐ அதால் பெருக்கி 40 லட்சம் ஆக்கி, நான்கால் வகுத்து ஆண்டுச் சம்பளத்தோடு சேர்த்துவிட்டார்கள். இந்தக் கூட்டலை எத்தனையோ வேலைக் கடிதங்களில் பார்த்திருக்கிறேன். விற்க முடியுமா, எப்போது விற்க முடியும் என்றே தெரியாத ஒன்றைச் சம்பளம் என்ற தலைப்பின் கீழ் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. எச்.ஆர். துறையினர் இதை வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள்.

சேரும்போது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஐ.பி.ஓ. எப்போது?" நிறுவனத்தின் பங்குகள் எப்போது பொதுச் சந்தையில் விற்பனைக்கு வரும் என்பதுதான் அது. நான்கைந்து வருஷத்தில் என்று பதில் வந்தது.

2021: செய்தியும் வீடும்

2021 செப்டம்பர் 22 அன்று ஃப்ரெஷ்வொர்க்ஸ் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலானது. 2010-இல் சென்னையில் தொடங்கிய மென்பொருள் நிறுவனம். ஒரு பங்கு 36 டாலருக்கு வெளியிடப்பட்டு, முதல் நாளே 47 டாலரைத் தாண்டி முடிந்தது. 500-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் கோடீஸ்வரர்கள், அவர்களில் 70 பேர் வரை முப்பது வயதுக்குக் கீழே என்று நிறுவனரே சொல்ல, எல்லாப் பத்திரிகைகளிலும் அதுதான் தலைப்பு. திருச்சியில் வளர்ந்த ஒருவர் கட்டிய நிறுவனம் என்பதால் தமிழ்நாட்டில் அந்தச் செய்திக்குக் கூடுதல் ஒட்டுதல் இருந்தது. அது நியாயமான பெருமைதான்.

அதே ஆண்டு இறுதியில் இவருடைய நிறுவனத்துக்கும் ஒரு பெரிய முதலீடு கிடைத்தது. பங்கு விலை 1,500 ரூபாய். ஊழியர்கள் அனைவரையும் கூட்டி, திரையில் அந்த எண்ணைப் பெரிதாகக் காட்டினார்கள். அன்று இரவே 12,000-ஐ 1,500-ஆல் பெருக்கிப் பார்த்ததாக அவர் சொன்னார். ஒரு கோடியே 80 லட்சம்.

இந்த எண் வீட்டுக்குள் வந்த பிறகு நடந்தவைதான் இந்த நிகழ்வின் முக்கியமான பகுதி என்று நினைக்கிறேன். அப்பாவிடம் போனில் சொன்னார். அப்பா தன் அண்ணனிடம் சொன்னார். பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, பேப்பரில் வந்த ஐந்நூறு பேரில் இவரும் ஒருவர் என்றே பாதி ஊர் நம்பிக்கொண்டிருந்தது. நிறுவனம் வேறு என்று விளக்கினால், "ஏதோ ஒரு கம்பெனி, கோடி கோடிதானே" என்று முடித்துவிட்டார்கள். தங்கைக்கு வந்த வரன்களின் தரம் மாறியது. அதற்கேற்ப நகைப் பேச்சும் மாறியது. 40 பவுன் என்று இருந்ததை 60 என்று அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். சித்தப்பா ஒருவர் டிராக்டர் வாங்கக் கைமாற்று கேட்டார். இல்லை என்று சொன்னதில் ஏற்பட்ட வருத்தம் இன்னும் தீரவில்லை.

தம்பதியரும் சும்மா இருக்கவில்லை. 2022 தொடக்கத்தில் நாவலூர்ப் பக்கம் 95 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட்டுக்கு 5 லட்சம் முன்பணம் கட்டினார்கள். வங்கிக் கடன் போக மீதியை ஈசாப் வந்ததும் கட்டிவிடலாம் என்று திட்டம். ஆக, ஒரு ரூபாய்கூட வராத பணம் நகை, ஃபிளாட் என இரண்டு இடங்களில் செலவுக் கணக்கில் ஏறிவிட்டது.

2022 ஜூலை: என்னிடம் வந்தபோது

வேறொரு நிறுவனத்திலிருந்து 38 லட்சம் சம்பளத்துக்கு அழைப்பு வந்திருந்தது. அப்போது அவர் வாங்கியது 24 லட்சம். ஜூன் மாதமே ராஜினாமா கொடுத்துவிட்டார். ஆகஸ்ட் நடுவில் கடைசி நாள். அதன்பிறகு எச்.ஆரிடமிருந்து வந்த மின்னஞ்சலில், வேலையை விட்ட 90 நாளுக்குள் ஆப்ஷன்களைப் பங்காக மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அவை காலாவதியாகும் என்று இருந்தது. திட்ட ஆவணத்தின் பின்பகுதியில் அந்த விதி முதலிலிருந்தே இருக்கிறது. அவர் படித்ததில்லை.

அந்த 90 நாள் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவில் ஒரு வகை ஆப்ஷனுக்கு வரிச் சலுகை வேண்டுமானால் வேலையை விட்ட மூன்று மாதத்துக்குள் பங்காக மாற்ற வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. காலக்கெடுவை நிறுவனமே தன் திட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கணக்கில் அவகாசம் தரும் நிறுவனங்களும் இங்கே உண்டு. அந்நிய ஊர் விதியை அப்படியே நகலெடுத்து இங்கே ஒட்டிக்கொண்டவைதான் அதிகம்.

ஆவணங்களைப் பார்த்ததில் தெரிந்தவை இவை. மூன்று ஆண்டு முடிந்திருந்ததால் உரிமை சேர்ந்தவை 9,000 மட்டும். மீதி 3,000 வேலையை விட்டதும் போய்விடும். திரையில் காட்டிய 1,500 ரூபாய் முதலீட்டாளர்கள் வாங்கிய முன்னுரிமைப் பங்கின் விலை. இவருக்குக் கிடைப்பதோ சாதாரணப் பங்கு. நிறுவனம் விற்கப்பட்டால் முன்னுரிமைப் பங்குதாரர்கள் தாங்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்வார்கள், மிஞ்சுவதுதான் மற்றவர்களுக்கு. வரிக்காக மெர்ச்சன்ட் பேங்கர் (பங்கு மதிப்பைக் கணிக்கும் பதிவுபெற்ற நிதி நிறுவனம்) போட்ட மதிப்பீட்டில் சாதாரணப் பங்கின் விலை 700 ரூபாய்.

அப்புறம், நிறுவனத்தின் நிதிநிலை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் எந்தத் தனியார் நிறுவனம் தாக்கல் செய்த வரவுசெலவு அறிக்கையையும் பார்க்கலாம். மூன்று ஆண்டு அங்கேயே வேலை பார்த்தவர் அதுவரை பார்த்திருக்கவில்லை. வருமானம் உயர்ந்திருந்தது, நஷ்டம் அதைவிட வேகமாக உயர்ந்திருந்தது. கையிருப்பு ஒன்றேகால் ஆண்டுக்குத் தாங்கலாம் என்று கணக்கிட்டோம். 2022 நடுவில் உலகம் முழுக்க ஸ்டார்ட்அப் முதலீடு வறளத் தொடங்கியிருந்தது. ஃப்ரெஷ்வொர்க்ஸ் பங்கே அப்போது வெளியீட்டு விலையில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

வரிக் கணக்கு

அவரை உலுக்கியது இதுதான். ஆப்ஷனைப் பங்காக மாற்றும்போது, அன்றைய மதிப்புக்கும் நாம் கட்டும் விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகவே கருதப்படும். பங்கை விற்றோமா, வாங்க ஆள் உண்டா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. 9,000 பங்குகளுக்கு, பங்குக்கு 690 ரூபாய் வீதம் 62 லட்சத்து 10 ஆயிரம். அந்த ஆண்டு இரண்டு இடத்துச் சம்பளமும் சேர்ந்து 33 லட்சம் அளவில் வரும். மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டுவதால் வரியின் மேல் 10 சதவீத சர்சார்ஜும் (கூடுதல் வரி) சேரும். ஆப்ஷன்களை மாற்றுவதால் மட்டும் அதிகமாகும் வரி சுமார் 22 லட்சம். பங்கு விலையாக 90 ஆயிரம் தனி. வரியை நிறுவனம் டி.டி.எஸ். ஆக, அதாவது முன்கூட்டியே பிடித்து, அரசுக்குக் கட்ட வேண்டும் என்பதால் இவர் கையிலிருந்து முன்கூட்டியே ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும்.

ஸ்டார்ட்அப் ஊழியர்களுக்கு இந்த வரியைத் தள்ளிப்போட 2020 பட்ஜெட்டில் சலுகை வந்ததே என்று கேட்டார். வந்தது உண்மை. ஆனால் அது அப்போதைய வருமான வரிச் சட்டத்தின் 80-ஐ.ஏ.சி. பிரிவில் அமைச்சகங்களுக்கு இடையேயான வாரியத்தின் சான்று பெற்ற நிறுவனங்களுக்கு மட்டும். அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கும் நாட்டில் இந்தச் சான்று பெற்றவை சில ஆயிரம்தான். இவருடைய நிறுவனத்துக்கு இல்லை. இருந்திருந்தாலும் பயனில்லை: குறிப்பிட்ட ஆண்டுகள் முடிவது, பங்கை விற்பது, வேலையை விடுவது ஆகிய மூன்றில் எது முதலில் வருகிறதோ அப்போது வரி கட்ட வேண்டும். வேலையை விடும்போதுதான் பெரும்பாலோர் ஆப்ஷனை மாற்றுகிறார்கள். யாருக்காகச் சலுகை கொண்டுவந்தார்களோ அவர்களுக்கே அது எட்டாது.

ஃப்ரெஷ்வொர்க்ஸ் செய்தியோடு ஒப்பிட்டதில் இருந்த கோளாறும் இங்கேதான் புலப்பட்டது. அங்கே ஊழியர்களிடம் பெருமளவில் இருந்தவை ஆர்.எஸ்.யூ. எனப்படும் பங்கு அலகுகள். பணிக்காலமும் முடிய வேண்டும், பட்டியலிடுவது போன்ற நிகழ்வும் நடக்க வேண்டும். அப்போதுதான் பங்கு கைக்கு வரும். ஆகவே வரி வரும்போது விற்கச் சந்தையும் இருக்கும். இவர் கையில் இருந்ததற்கு வரி உண்டு, சந்தை இல்லை. இரண்டையும் ஒரே 'ஈசாப் கோடீஸ்வரர்' தலைப்பில் போட்டுவிடும் செய்தியில் இந்த வேறுபாடு வராது.

வழிகளும் முடிவும்

கடன் வாங்கி முழுவதையும் மாற்றுவது அவருடைய முதல் எண்ணம். 13 சதவீத வட்டியில் தனிநபர் கடன் தர ஒரு வங்கி தயாராக இருந்தது. ராஜினாமாவைத் திரும்பப் பெறுவது இன்னொரு வழி; அதில் வரி தள்ளிப்போகும், ஆனால் 14 லட்சம் சம்பள உயர்வு போகும். எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்பது மனைவியின் கருத்து. அவர் ஒரு தனியார் வங்கியில் கடன் பிரிவில் இருப்பவர். "இதே பேப்பரைக் கொண்டுவந்து அடமானம் வைக்கிறேன்னு ஒருத்தர் சொன்னா, நாங்க ஒரு ரூபா தர மாட்டோம்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என் கணக்கு அட்டவணைகளைவிட அதிகம் வேலை செய்தது.

அவகாசத்தை நீட்டிக்கச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதச் சொன்னேன். ஒருவருக்கு மட்டும் விதியை மாற்ற இயலாது என்று பதில். யார் கையில் எத்தனை பங்கு, முன்னுரிமை நிபந்தனைகள் என்ன என்ற பட்டியலைக் கேட்டதற்கு, அது ரகசியம் என்றார்கள். சம்பளத்தில் நாலு லட்சத்தைக் குறைத்துக்கொண்டு பங்கு வாங்கியவருக்கு அந்தப் பங்கின் நிலவரம் ரகசியம்! இதில் நிறுவனத்தின் பக்கம் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் 2,000 ஆப்ஷன்களை மட்டும் மாற்றுவது என்று முடிவானது. அந்த எண்ணிக்கைக்கு இரண்டு காரணங்கள். பங்குக்கு 690 வீதம் 13 லட்சத்து 80 ஆயிரம் சேர்ந்தால் மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள் நிற்கும், சர்சார்ஜ் வராது. வரி சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம், பங்கு விலை 20 ஆயிரம்; ஆக 4.5 லட்சம். இது முழுவதும் போனாலும் குடும்பத்தின் அவசரகால இருப்பைத் தொட வேண்டியதில்லை. நிறுவனம் நிஜமாகவே ஐ.பி.ஓ. போனால் மனது கேட்காது என்று அவர் சொன்னதையும் நான் ஒதுக்கவில்லை. பணத்தைப் பற்றிய முடிவில் பின்னாளைய மனவருத்தத்துக்கும் ஒரு விலை உண்டு; 4.5 லட்சம் அதற்குச் சரியாகவே பட்டது. கடன் வாங்கக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. 2022 நவம்பரில், கெடு முடியும் முன் பங்குகள் அவர் பெயருக்கு வந்தன. மீதி 7,000 காலாவதியாயின.

ஃபிளாட் விஷயத்தை இருவர் சம்பளத்தை மட்டும் வைத்துப் பார்த்தோம். ஈ.எம்.ஐ. தாங்காது. முன்பணத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து முன்பதிவை ரத்து செய்தார்கள். அடுத்த ஆண்டு மேடவாக்கத்தில் சிறியதாக ஒன்று வாங்கினார்கள்.

ஊரில் சொன்னதுதான் சிரமமாக இருந்தது. அப்பாவிடம் நேரில் போய், தாளில் எழுதிக் காட்டினார். அவர் முழுக்க நம்பவில்லை. மருமகள் தடுத்துவிட்டாள் என்றே கொஞ்ச காலம் நினைத்திருக்கிறார். 60 பவுன் 45 ஆகக் குறைந்தது. கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

2023–2025: பின்விளைவுகள்

2023 கோடையில் நிறுவனம் ஊழியர்களில் கால்வாசிப் பேரை நிறுத்தியது. புதிய முதலீடு வரவில்லை. 2025 ஜனவரியில் வேறொரு நிறுவனம் அதைச் சுமார் 200 கோடிக்கு வாங்கியது. 2021-இன் 1,500 ரூபாய் விலைப்படி அதன் மதிப்பு 600 கோடி. முதலீட்டாளர்கள் தங்களுடைய 170 கோடியையும் சொச்சத்தையும் முதலில் எடுத்துக்கொண்டார்கள். சாதாரணப் பங்குக்குக் கிடைத்தது 130 ரூபாய்.

இவருக்கு வந்தது 2 லட்சத்து 60 ஆயிரம். கட்டியது 4.5 லட்சம். நிகர நஷ்டம் 1.9 லட்சம். முழுவதையும் மாற்றியிருந்தால் 23 லட்சம் கட்டி 11.7 லட்சம் வாங்கியிருப்பார், வட்டி தனி.

வரிச் சட்டத்தில் இதற்கு ஒரு வினோதமான மிச்சம் இருக்கிறது. 700 ரூபாய் மதிப்புக்கு வரி கட்டியாயிற்று என்பதால் பங்கின் வாங்கிய விலை 700 என்றே எடுத்துக்கொள்ளப்படும். 14 லட்சத்துக்கு வாங்கி 2.6 லட்சத்துக்கு விற்றதாகக் கணக்கு, 11.4 லட்சம் மூலதன நஷ்டம். 24 மாதத்துக்கு மேல் கையில் இருந்ததால் நீண்டகால நஷ்டம். அதை எட்டு ஆண்டுகள் வரை கொண்டுபோய், நீண்டகால மூலதன லாபத்தில் மட்டும் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சம்பளமாகக் கருதி வாங்கிய வரி திரும்ப வராது. வராத வருமானத்துக்கு முன்னால் 30 சதவீதம் வாங்கிக்கொண்டு, பின்னால் 12.5 சதவீத வரியில் மட்டும் கழிவு தருவது எந்த விதத்தில் சமம் என்று எனக்குப் புரிந்ததில்லை.

அவருடன் வேலை பார்த்த இருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் கடன் வாங்கி, உரிமை சேர்ந்த அத்தனையையும் 2022-இல் மாற்றினார். இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் எதுவும் செய்யாமல் அங்கேயே இருந்தார். வாங்கிய நிறுவனம், முக்கியமான ஆட்கள் போய்விடக் கூடாதென்று அவருக்கு இரண்டு தவணைகளில் ரொக்க போனஸ் கொடுத்தது. மூவரில் அதிகம் பெற்றவர் அவர்தான், அதுவும் ஈசாப் மூலம் அல்ல. இந்த முடிவை யாரும் முன்கூட்டிக் கணித்திருக்க முடியாது. இவர் வேலை மாறியது தவறு என்றும் இதை வைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டரை ஆண்டுச் சம்பள வித்தியாசம் அந்த போனஸைவிட அதிகம்.

இப்போது எப்படிச் செய்கிறோம்

ஈசாப் இருப்பவர் யார் வந்தாலும், வேலையை விடும் எண்ணம் வருவதற்கு வெகு முன்பே கணக்கைத் தொடங்கச் சொல்கிறேன். இந்த நிகழ்வில் 2020 ஜூலையில் முதல் 3,000 ஆப்ஷன்களுக்கு உரிமை சேர்ந்தபோது சாதாரணப் பங்கின் மதிப்பு 180 ரூபாய்தான். அன்றே மாற்றியிருந்தால் மொத்தம் 1.9 லட்சத்தில் முடிந்திருக்கும். 130 ரூபாய்க்கு விற்றபோதும் 3.9 லட்சம் கிடைத்திருக்கும். மதிப்பு குறைவாக இருக்கும்போதே சிறிது சிறிதாக மாற்றுவதில் பணம் முழுதும் போகும் ஆபத்து இருக்கத்தான் செய்கிறது. ஆனால் தொகை சிறியது, கெடு நெருக்காது. அந்த வாய்ப்பு இருக்கிறது என்று நிறுவனத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

ராஜினாமா கடிதத்துக்கு முன்பே அவகாச நீட்டிப்பைக் கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. வேலையில் இருக்கும்போது கேட்பவருக்கு இருக்கும் பிடி, கடிதம் கொடுத்தவருக்கு இருப்பதில்லை. குடும்பத்தின் சொத்துப் பட்டியலில் பட்டியலிடாத நிறுவனத்தின் ஆப்ஷன்களுக்கு எதிரே பூஜ்ஜியம் போடச் சொல்கிறேன். சிலர் முகம் சுளிக்கிறார்கள். 2022-இல் 2,200 கோடி டாலர் என்று மதிப்பிடப்பட்ட இணையவழிக் கல்வி நிறுவனமான பைஜூஸ் 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது என்பதை நினைவூட்டினால் பேச்சு தொடர்கிறது.

2025 இறுதியில் அவருக்கு மறுபடியும் ஒரு ஸ்டார்ட்அப்பிலிருந்து அழைப்பு வந்தது. நான்கு கேள்விகளை எழுதி அனுப்பினார்: சாதாரணப் பங்கின் கடைசி மதிப்பீடு என்ன, வேலையை விட்டால் எத்தனை காலம் அவகாசம், 80-ஐ.ஏ.சி. சான்று உண்டா, முதலீட்டாளர்களின் முன்னுரிமைத் தொகை மொத்தம் எவ்வளவு. முதல் மூன்றுக்கும் பதில் வந்தது. அவகாசம் ஐந்து ஆண்டு. நான்காவதற்கு, சேர்ந்த பிறகு சொல்கிறோம் என்றார்கள். ஆப்ஷன்களைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு சம்பளத்தை 6 லட்சம் உயர்த்தச் சொல்லிக் கேட்டார். நாலரை லட்சத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். சேர்ந்துவிட்டார், வீட்டில் சம்பளத்தை மட்டும்தான் சொல்லியிருக்கிறார்.